உன் அண்ணன் விரதம் முறிக்கவில்லை

தாரணி,

கோயிலின் பங்குனி உத்திர மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு வந்தார்கள். "டீச்சர், வழக்கம்போல விரத மகிமையப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க" என்றார்கள். தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழும். நானும் மறுத்ததில்லை. இந்த முறையும் சரி என்று சொல்லிவிட்டு, கட்டுரைக்குப் பதிலாக உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மலரில் போட அவர்களுக்கு மனம் வந்தால் போடட்டும். வராவிட்டால் பத்திரிகைக்கு அனுப்புவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

தனியாக உனக்கே எழுதியிருக்கலாம். ஆனால் நீ என் அழைப்பை எடுப்பதில்லை. "சாப்டேன்மா, லேப்ல இருக்கேன்" என்று ஒரு வரி வரும், அதோடு சரி. தவிரவும், நான் சொல்லப்போவது உனக்கு மட்டும் உரியது இல்லை. இந்த மாசாய் தாமானில், நம் குடியிருப்பின் வரிசை வீடுகளில், கோயில் வாசலில், உன் அண்ணனைப் பற்றி ஒரு பேச்சு ஓராண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. குமார் விரதத்தை முறித்தான், அதனால்தான் சாமி அவனை எடுத்துக்கொண்டது என்று. அந்தப் பேச்சு பிறந்தது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அது தவறு என்பது இன்றைக்கு உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான். அதனால் எல்லாரும் படிக்கிற இடத்தில் நான் சொல்கிறேன். படிப்பவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முந்தின ஆண்டு ஆவணியில் என் மார்பில் கட்டி என்றார்கள். உங்கள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நாம் மூன்று பேர்தான். உனக்கு அக்கரையில், சிங்கப்பூரில், ஆய்வக வேலை. சனிக்கிழமைகளில் பாலம் கடந்து வருவாய். அண்ணனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கட்டி என்று கேட்டதும் நீ அழுதாய். அவன் அழவில்லை. மறுநாள் காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றான். "புரட்டாசியில ஆரம்பிக்கிறேன்மா. தைப்பூசம் வரைக்கும் சைவம். காவடி எடுத்து மொட்டை போட்டுக்கிறேன்" என்றான். நீ அழுத கண்ணோடு சிரித்துவிட்டாய். "நீயா? அசாம் பெடாஸ் இல்லாம ஒரு வாரம் இருந்துடுவியா நீ?" நியாயமான கேள்விதான். திருக்கை மீனைப் போட்டுப் புளிப்பும் காரமுமாக அந்த மலாய்க் குழம்பை வைத்துவிட்டால், சட்டி கழுவுகிற வேலையை எனக்கு மிச்சம் வைக்க மாட்டான் அவன்.

ஆனால் இருந்தான். மருந்து ஏற ஏற என் முடி கொட்டியது. ஒருநாள் தலையணையில் கிடந்ததைக் கையில் அள்ளிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "நீ முதல்ல குடுத்துட்டம்மா. என் முறை தைப்பூசத்துக்கு" என்றான். நான் அழுகையை விட்டுவிட்டு அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவனுக்கு அப்போது தாடியும் முடியும் காடாக வளர்ந்திருந்தது, காவடிக்காரன் வெட்டக்கூடாதே. சட்டை தோளில் தொங்கியது. கன்னம் ஒட்டியிருந்தது. விரதம் என்றால் இளைக்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டோம். தாமானில் பார்க்கிறவர்கள் எல்லாம், "தம்பி முகத்துல என்ன களை வந்துடுச்சு பாத்தீங்களா" என்றார்கள். எனக்கும் அதைக் கேட்கப் பெருமையாக இருந்தது. பட்டினிக்கு நம் ஊரில் களை என்றும் ஒரு பெயர் உண்டு போலிருக்கிறது.

உன் வேலை என்ன என்று எனக்கு நீ விளங்கவைத்ததும் அந்த நாட்களில்தான். வாந்தி குறைந்திருந்த ஒரு சனிக்கிழமை. நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நீ அரிசி களைந்துகொண்டிருந்தாய். பொந்தியான் பக்கத்துச் சதுப்புச் சேற்றிலிருந்து பாசி, இறால், கொடுவா மீன், கழுகு உதிர்த்த இறகு என்று அள்ளிக்கொண்டு போய் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்ப்பதற்கா சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன். நீ தண்ணீரில் மிதந்த உமியைக் காட்டினாய். புரதத்தில் இருக்கிற நைட்ரஜனில் இரண்டு வகை, ஒன்று இலேசு, ஒன்று கொஞ்சம் கனம். உடம்பு அமினோ அமிலங்களிலிருந்து நைட்ரஜனைக் கழற்றி வேலை செய்யும்போது இலேசானது முதலில் கழன்று சிறுநீரோடு போய்விடும், கனமானது தங்கிவிடும் என்றாய். "உமி மொதல்ல போற மாதிரிம்மா. ஆனா இவ்ளோ பெரிய வித்தியாசம் இல்ல, ரொம்ப நுணுக்கம்." அதனால் பாசியைத் தின்ற இறாலில் கனம் ஒரு படி கூடும். இறாலைத் தின்ற கொடுவாவில் இன்னொரு படி. கொடுவாவைத் தூக்கிய கழுகில் அதற்கும் மேலே. உடம்பை அளந்தால் அது எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம் என்றாய்.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவளுக்கு அது உடனே விளங்கியது. ஆனால் அதற்குள் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது என்று நீ நிறுத்தவில்லை. எல்லா அமினோ அமிலமும் ஒரே மாதிரி இல்லையாம். குளூட்டாமிக் அமிலம் என்ற ஒன்று எல்லாரோடும் நைட்ரஜனைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்குமாம். ஒவ்வொரு கைமாற்றிலும் இலேசானதை இழந்து கனமேறுமாம். பினைலலனின் என்று இன்னொன்று, அது தன் நைட்ரஜனை அவ்வளவாக யாரோடும் மாற்றிக்கொள்ளாது. பாசியில் எப்படி இருந்ததோ கிட்டத்தட்ட அப்படியே கழுகு வரைக்கும் போகும். அதனால் அது அடித்தளத்தைக் காட்டும், சாப்பாடு எந்த மண்ணிலிருந்து, எந்தத் தண்ணீரிலிருந்து வந்தது என்று. "குளூட்டாமிக் வந்து நீதான்மா. எல்லார் வீட்டு விஷயத்துலயும் கைய விடும். பினைலலனின் நம்ம அண்ணன். ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லாது, வந்த மாதிரியே போயிடும்." அவன் கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தவன், "கேக்குதுலா" என்று குரல் கொடுத்தான். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வருடத்தில் நாம் சேர்ந்து சிரித்தது என்று எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தரம்தான்.

முட்டையின் மேல் உட்கார்ந்து வாரக்கணக்கில் இரை எடுக்காத பறவைகளைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னாய். சாப்பாடு வராதபோது உடம்பு தன் சதையையே உடைத்துத் தின்னும். அப்போதும் இலேசானது வெளியே போய்க்கொண்டே இருக்கும், கனம் ஏறிக்கொண்டே இருக்கும். அளந்து வந்த எண்ணை மட்டும் பார்த்தால் அந்தப் பறவை எதையோ வேட்டையாடித் தின்ற மாதிரி இருக்கும் என்று. நான் "ஐயோ பாவம்" என்றேன். இதை நான் ஏன் எடுத்துச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். இதை நினைத்துத்தான் நீ செத்துக்கொண்டிருக்கிறாய்.

தைப்பூசத்தன்று மொட்டை அடிக்க உட்காருவதற்கு முன், "அண்ணா, ஒரு கொத்து எனக்குக் குடு" என்று கேட்டு, பிடரியில் நூலால் இறுகக் கட்டி அடியோடு வெட்டிக்கொண்டாய். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று மாறிவிடக்கூடாது, நுனியில் பழைய மாதங்கள், வேரில் நேற்று முன்தினம் என்றாய். சைவத்துக்கு மாறினால் முடியில் கனம் குறைந்துகொண்டே வரும், அண்ணன் முடியில் அதை வரிசையாகப் பார்க்கலாம், பயிற்சிக்கு வருகிற மாணவர்களுக்குக் காட்ட நல்ல உதாரணம் என்று சொன்னாய். அவனுக்கு அதில் பெருமை. தலையெல்லாம் சந்தனத்தோடு என் பக்கத்தில் வந்து நின்றான். நீ படம் எடுத்தாய். மருந்தில் மொட்டையான அம்மாவும் வேண்டுதலில் மொட்டையான மகனும். அந்தப் படம் இப்போது கூடத்தில் மாட்டியிருக்கிறது, மாலையோடு.

மாசியில் ஒரு சனிக்கிழமை பொந்தியானிலிருந்து சித்தி வந்திருந்தாள். என் தங்கை வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இதைப் படித்துவிட்டு அவளே எனக்குப் போன் அடிப்பாள், அடிக்கட்டும். நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். நீ வரும்போதே ஒரு குறும்போடுதான் வந்தாய். சோறு போட்டு முடிக்கவில்லை, அதற்குள், "அலமாக்! அண்ணா, நீ சரியான கள்ளன்லா" என்று ஆரம்பித்தாய். அவன் முடியில் கொஞ்சம் எடுத்து, அமிலங்களைப் பிரிக்காமல் மொத்தமாகவே துண்டு துண்டாக அளந்தாயாம். முதலில் கனம் இறங்கியிருக்கிறது, சரி. கார்த்திகைக்கு மேல் திரும்ப ஏறியிருக்கிறது, தைப்பூசம் நெருங்க நெருங்க நன்றாகவே ஏறியிருக்கிறது. "யார் கடையில அசாம் பெடாஸ் சாப்பிட்ட? உண்மையச் சொல்லு. முடி பொய் சொல்லாதுலா." விளையாட்டாகத்தான் சொன்னாய். உன் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதற்கு நான் சாட்சி.

சித்தி கையிலிருந்த கவளத்தைக் கீழே வைத்தாள். "என்னடா இது? அம்மா உயிருக்கு வேண்டிக்கிட்டு, இப்படியா பண்றது?" என்றாள். நான் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தேன், அவன் அதைக் கவனித்தான். இல்லை என்று அவன் சண்டை போட்டிருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவன் சண்டை போடவில்லை. யோசித்தான். "கேன்டீன்ல ரெண்டு மூணு தரம் கங்கோங் வாங்கினேன். கீரைதானேன்னு... பெலாச்சான் போட்டிருப்பானோ?" என்று உன்னையே கேட்டான். இறாலை இடித்துக் காயவைத்த அந்தச் சாந்து ஒரு துளி பட்டாலும் அவனுக்கு விரதம் கெட்டதுதான். நீ சிரித்துக்கொண்டே, "பெலாச்சானுக்கெல்லாம் இவ்ளோ ஏறாதுண்ணா, நீ மீனே சாப்பிட்டிருக்க" என்றாய். தான் ஐந்து மாதம் என்ன தின்றோம் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் உன் எண்ணை நம்பினான். தன்னைவிட உன்னை அதிகமாக நம்பினான். தங்கச்சி படித்தவள், அவள் மெஷின் தப்பாகச் சொல்லுமா என்று.

என் அடுத்த ஸ்கேன் பங்குனிக் கடைசியில் இருந்தது. மறுநாளே அவன் என்னிடம் வந்து, "திரும்ப எடுக்கிறேன்மா. உத்திரத்துக்கு. இந்தத் தடவை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றான். வேண்டாமடா, சாமி ஒன்றும் கடைக்காரன் இல்லை என்றேன். கேட்கவில்லை. வெளியே பச்சைத் தண்ணீர்கூட வாங்குவதை நிறுத்தினான். வேலைக்குக் கட்டிக்கொடுத்தால், "சாமி கும்பிட்டுட்டு வீட்டுல சாப்பிடுறேன்" என்று வைத்துவிட்டுப் போனான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, விளக்கேற்றி, ஒரு கை சோறு. கிருத்திகையன்று அதுவும் இல்லை. நீ வந்த சனிக்கிழமைகளில் உன்னோடு சாதாரணமாகத்தான் பேசினான். உன்மேல் அவனுக்குக் கோபம் இல்லை தாரணி. கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.

உத்திரத்துக்குச் சில நாட்கள் இருந்தன. காலை ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போனவன், தொழிற்சாலைச் சாலை முச்சந்தியில் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறான். யாரும் இடிக்கவில்லை. பின்னால் வந்த லாரியால் நிறுத்த முடியவில்லை. தூங்கி விழுந்துவிட்டான் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், ஷிப்ட் வேலைக்காரப் பிள்ளைகளுக்கு அது புதிதில்லையே. அவனைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தியவர்கள் கனமே இல்லை என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

மயானத்திலிருந்து திரும்பி வந்தபோது அவனோடு வேலை செய்த ஹாபிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரக் கூச்சப்பட்டான். நீயும் நானும்தான் வெளியே போனோம். மலாயில்தான் பேசினான், அழுதுகொண்டே. "மாச்சிக், குமார் சாப்பிடவே மாட்டான். நீங்க கட்டிக் குடுக்குறத எனக்குத்தான் குடுப்பான், போன வருஷத்துலேருந்து. கேட்டா, எங்கம்மாவுக்கு மருந்து ஏறுற வாரத்துல அவங்களுக்கு ஒண்ணும் இறங்காது, எனக்கு மட்டும் எப்படி இறங்கும்னு சொல்வான். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்." அவன் சொல்லி முடிக்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன். ஹாபிஸ் சொன்னது எனக்கு முழுசாக உறைக்கும் முன்பே உனக்கு உறைத்துவிட்டது. நீ அந்தப் பறவைகளை நினைத்துக்கொண்டிருந்தாய்.

ஆய்வகத்தில் மீதி இருந்த முடியை எடுத்து, இந்தத் தடவை அமினோ அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தாய். வேலை அதிகம் என்று முதலில் விட்டிருந்தது. முடிவை எனக்கு எழுதி அனுப்பினாய். உன் செய்தியை நான் அழிக்கவில்லை. குளூட்டாமிக் படிப்படியாக ஏறியிருக்கிறது. பினைலலனின் அசையவே இல்லை. கடல் மீன் சாப்பிட்டிருந்தால் அடித்தளமே மாறியிருக்கும், பினைலலனின் அதைக் காட்டியிருக்கும். அண்ணன் சாப்பாடு மாறவில்லை, அதே சோறு, அதே பருப்பு, அதே கீரை, அளவுதான் இல்லாமல் போயிருக்கிறது. "ஒருத்தர் முடிய மட்டும் வச்சு சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா ஹாபிஸ் சொன்னதையும் அண்ணன் இளைச்சதையும் சேத்துப் பாத்தா வேற அர்த்தம் இல்ல. அண்ணன் மேல் படிக்கு ஏறினது வேற எதையும் தின்னு இல்ல. அவனையே தின்னு." அதை நான் எத்தனை தரம் படித்தேன் என்று கேட்காதே.

இதைப் படிக்கிற மாசாய் பெருமக்களுக்கும், கோயிலில் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறவர்களுக்கும், என் தங்கைக்கும் சொல்கிறேன். என் மகன் மீன் தின்னவில்லை. விரதத்தை முறிக்கவில்லை. முறித்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருப்பான், நான் அவனைத் திட்டிக்கொண்டு இருப்பேன். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவன் போய்ப் பத்து நாள் கழித்து என் ஸ்கேன் வந்தது, கட்டி இல்லை. உடனே, "மகன் உயிரக் குடுத்து அம்மாவக் காப்பாத்திட்டான், என்ன பிள்ளை!" என்று என் கையைப் பிடித்து அழுதார்கள். முதல் கூட்டத்தைவிட இவர்களிடம்தான் எனக்கு ஆத்திரம். என்னைக் காப்பாற்றியது மருந்து. என் மகன் எனக்காகச் சாகவில்லை, பசியில் செத்தான். அதற்கு மாலை போட்டு, மகிமை என்று ஒரு பெயர் வைத்து, அடுத்த வருடம் இன்னொரு பிள்ளைக்குக் கதையாகச் சொல்லாதீர்கள். விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்கிறவள் நான் இல்லை. நானும் இருந்தவள்தான். ஆனால் இளைத்துக்கொண்டே போகிற பிள்ளையைப் பார்த்துக் களை என்று சொல்வதை நிறுத்துங்கள். நானும் நிறுத்திக்கொள்கிறேன், எனக்கு அது பிந்திவிட்டது என்றாலும்.

இனி உன்னிடம் வருகிறேன். நீ தப்பே செய்யவில்லை என்று உன் சிநேகிதிகள் சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ நம்ப மாட்டாய். நீ அளந்தது சரி, படித்தது தப்பு. அண்ணன் உடம்பு உன் கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது உன் தாளைப் பார்த்தாய். பட்டினி கிடக்கிற பறவையைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவளுக்கு, எதிரில் இருந்த பறவை தெரியவில்லை. ஏனென்றால் அவன் மீன் பைத்தியம் என்பது உனக்கு ஏற்கெனவே தெரியும், எண் வந்ததும் அந்தப் பழைய கேலியோடு ஒட்டிக்கொண்டது. இது உன் தப்பு. அதை நீ சுமக்கத்தான் வேண்டும். நான் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அவனைக் கொன்றது நீ என்று சொன்னால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ அந்த எண்ணைச் சொல்வதற்கு முன்பே, கார்த்திகையிலிருந்தே, அவன் தன் சோற்றை ஹாபிஸிடம் கொடுத்துக்கொண்டிருந்தான். நீ அளந்த முடியே அதைத்தானே சொல்கிறது. அவன் பினைலலனின் என்று நீ சொன்னது சரி. ஒருத்தரிடமும் ஒன்றும் சொல்லாமல் வந்த மாதிரியே போய்விட்டான். அவனிடம் எனக்கும் கோபம் இருக்கிறது. படத்துக்கு முன்னால் நின்று திட்டியிருக்கிறேன். நீயும் ஒரு தரம் திட்டிப் பார், கொஞ்சம் மூச்சு வரும்.

வேலையை விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். விடுவதும் விடாததும் உன் இஷ்டம். நான் உன்னை விடுவதற்காகவும் படிக்கவைக்கவில்லை, விடாமல் இருப்பதற்காகவும் படிக்கவைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். இனி யாருடைய உடம்பிலாவது கனம் ஏறியிருக்கக் கண்டால், முதலில் பசியை நினைக்கிற ஒருத்தி அந்த ஆய்வகத்தில் இருப்பது நல்லது.

எனக்கு இப்போது கவலை அது இல்லை. தைக்கு வந்தாயே, இரண்டு நாள் இருந்தாயே. மணிக்கட்டில் கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. தட்டில் சோற்றை இங்கிருந்து அங்கே தள்ளினாய். மீனைத் தொடவில்லை, முட்டையைத் தொடவில்லை. "வர்ற வழியில சாப்டுட்டேன்மா" என்றாய், அதே குரலில், அவன் சொல்கிற அதே மாதிரி. நீ போன பிறகு குளியலறைக் குழியில் தண்ணீர் இறங்கவில்லை. கம்பியை விட்டு எடுத்தேன். கை நிறைய வந்தது உன் முடி. எனக்கு மெஷின் வேண்டாம் தாரணி. அதை நூல் கட்டி, வேர் எது நுனி எது என்று பார்த்து, துண்டு துண்டாக அளக்கவும் வேண்டாம். போன பங்குனியிலிருந்து நீ எந்தப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது. ஒரு தரம் படிக்கத் தெரியாமல் இருந்துவிட்டேன். இரண்டாம் தரம் அப்படி இருக்க மாட்டேன். அங்கே ஒரு டாக்டரிடம் போ. என்னிடம் சொல்ல முடியாததை அவரிடமாவது சொல்.

வரும் மாதம் அண்ணன் திதி. படையல் போடுகிறேன். அவனுக்குப் பிடித்ததைத்தானே வைக்க வேண்டும், திருக்கை வாங்கி அசாம் பெடாஸ் வைக்கப்போகிறேன். ஓராண்டாக இந்த வீட்டில் அந்த வாசனை இல்லை. ஹாபிஸை வரச் சொல்லியிருக்கிறேன். நீயும் வா.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது, கடைசி வரியை முதலிலேயே யோசித்து வைத்திருந்தேன். நீ வந்து என் முன்னால் உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைக்கிறவரை நான் பச்சைத் தண்ணீர்கூடத் தொடப்போவதில்லை என்று எழுத வேண்டும். எழுதினால் நீ ஓடி வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். அந்த இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. எனக்காக அவன் சாப்பிடவில்லை. அவனுக்காக நீ சாப்பிடவில்லை. இப்போது உனக்காக நானும் தொடங்கினால், இந்த வீட்டில் பாசத்துக்கு வேறு பாஷையே கிடையாது என்று ஆகிவிடும். அந்த வரியை எழுத மாட்டேன்.

படையல் எடுத்ததும் உனக்கு ஒரு தட்டில் போட்டு மூடி வைப்பேன். ஹாபிஸுக்குப் போடுவேன். பிறகு எனக்கும் போட்டுக்கொள்வேன், மீனும் குழம்புமாக. தொண்டையில் இறங்காது, தண்ணீர் குடித்து இறக்குவேன். தட்டில் ஒரு பருக்கை மீதி இல்லாமல் சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டுத்தான், தாரணி, வாசலில் வந்து உனக்காக உட்கார்ந்திருப்பேன்.

அம்மா